நீக்கினால் எங்கே முறையிடுவது?

பாடசாலையால் வந்த பிள்ளை கணினியின் முன் கண்கலங்கி இருக்கிறான். நண்பர்களோடு மாதக்கணக்காக மைன்கிராஃப்ட் விளையாட்டில் கட்டிய ஊருக்குள் இனி நுழைய முடியாது. அந்தக் களத்தை நடத்தும் நிர்வாகி அவனை நீக்கிவிட்டார். காரணம் சொல்லவில்லை, முறையிடவும் இடமில்லை. "விளையாட்டுத்தானே" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கேள்வியற்ற அதிகாரம் எப்படியிருக்கும் என்பதைப் பிள்ளை அங்கேதான் படிக்கிறான்.

எமது சங்கங்களுக்கு இந்நாட்டுச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. 1912இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் சிவில் சட்டக்கோவையின் 64ஆம் பிரிவின்படி சங்கத்தின் உச்ச அதிகாரம் பொதுக்கூட்டத்துக்கே உரியது. அங்கத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் அதைக் கூட்டியே ஆகவேண்டும். யாப்பில் எதுவும் சொல்லப்படாவிட்டால், ஒருவரை நீக்க அங்கத்தவர்களின் தீர்மானமும் தக்க காரணமும் வேண்டும் (பிரிவு 72). சட்டத்துக்கோ யாப்புக்கோ மாறான தீர்மானத்தை, அதற்கு உடன்படாத அங்கத்தவர், அறிந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றில் எதிர்க்கலாம் (பிரிவு 75).

ஒன்றைக் கவனியுங்கள். காரணம் சொல்லாமலே நீக்கலாம் என்று யாப்பில் எழுதவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே சங்கத்தில் சேர முன் யாப்பைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். பிள்ளை சேரும் களத்தின் விதிகளையும் அவனோடு இருந்து வாசியுங்கள்.