ஆயிரத்தில் இரண்டு

2024 செப்டம்பர் 5, சான் டியேகோ மைதானம். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது இன்னிங்ஸ் நடக்கிறது. டெட்ராய்ட் டைகர்ஸ் 0–3 என்று பின்தங்கியிருக்கிறது. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நிற்கிறார்கள். மட்டையோடு நிற்பவர் பார்க்கர் மெடோஸ். அவருக்கும் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தாயிற்று, இன்னும் ஒன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்த இடத்தில் அவர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள். டைகர்ஸ் 4–3 என்று ஜெயித்தது.

அந்த அடி டெட்ராய்ட் ரசிகர்களை ஏன் அப்படிப் பித்துப்பிடிக்க வைத்தது என்பதைப் புரிந்துகொள்ள நான்கு வாரம் பின்னால் போக வேண்டும். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். ஆகஸ்ட் 10 வரை டைகர்ஸ் ஜெயித்தது 55, தோற்றது 63. 2014-க்குப் பிறகு பிளே-ஆஃப் பக்கமே போகாத அணி அது. நிர்வாகமும் அந்த ஆண்டைக் கைகழுவியிருந்தது. ஜூலை இறுதியில் முன்னணி பிட்சர் ஜாக் ஃப்ளாஹர்ட்டியை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஆட்டங்களைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடவிட்டு வாய்ப்பைக் கணிக்கும் ஃபேன்கிராஃப்ஸ் தளம், டைகர்ஸுக்குக் கொடுத்தது 0.2 சதவீதம். ஆயிரம் முறை ஆடவிட்டால் இரண்டு முறை உள்ளே வரும்.

அதற்குப் பிறகு 44 ஆட்டங்கள் இருந்தன. டைகர்ஸ் அவற்றில் 31-ஐ ஜெயித்தது.

இது எவ்வளவு அரிது? ஒரு நாணயத்தை 44 முறை சுண்டுங்கள். 31 அல்லது அதற்கு மேல் தலை விழுவது ஏறக்குறைய இருநூறில் ஒரு தடவைதான், அதாவது நூறில் அரை. இனி நாணயத்தைக் கொஞ்சம் சாய்த்துவிடுவோம்: தலை விழும் வாய்ப்பு 50-க்குப் பதில் 55 சதவீதம். நூறு ஆட்டத்துக்கு ஐந்து வெற்றி கூடுதல், அவ்வளவுதான். உடனே அதே 31 வெற்றிக்கான வாய்ப்பு நூறில் சுமார் மூன்றாகிவிடுகிறது. ஐந்தாறு மடங்கு! கண்ணுக்கே தெரியாத சின்ன முன்னேற்றம் கடைசிச் சில வாரங்களில் மலைபோலத் தெரிவது இப்படித்தான். ‘அதிர்ஷ்டமா, திறமையா’ என்ற பட்டிமன்றத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதும் இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான். இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

நாணயம் சாய்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. டாரிக் ஸ்கூபல் அந்த ஆண்டின் மிகச் சிறந்த பிட்சர்; 18 வெற்றி, 228 ஸ்ட்ரைக்-அவுட். ஆனால் அவர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் எறிய முடியும். மற்ற நாட்களுக்கு மேலாளர் ஏ.ஜே. ஹின்ச்சிடம் ஆள் பற்றாக்குறை. வழக்கமாக ஒரு பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் எறிவார். ஹின்ச்சோ பல பிட்சர்களை ஆளுக்கு ஓரிரு இன்னிங்ஸ் என்று மாற்றி மாற்றி இறக்கினார். ‘பிட்சிங் கேயாஸ்’ என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. இதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. ஒரே பிட்சரை ஒரே ஆட்டத்தில் மூன்றாம் முறை சந்திக்கும்போது மட்டையாளர் முதல் முறையைவிட நன்றாக அடிக்கிறார். பந்து கையை விட்டு வரும் கோணமும் வேகமும் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகவே விடாவிட்டால்? பஞ்சத்தில் பிறந்த உத்தி பலித்தது. இன்னொரு பக்கம் அதே பிளே-ஆஃப் இடத்துக்குப் போட்டியிட்ட மினசோட்டா ட்வின்ஸ் தன் கடைசி 39 ஆட்டங்களில் 27-ஐத் தோற்று வழிவிட்டது.

44 ஆட்டம் என்றதும் பேஸ்பால் பிரியர்களுக்கு 1951 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு நியூயார்க் ஜயண்ட்ஸ் தன் கடைசி 44 ஆட்டங்களில் 37-ஐ ஜெயித்து புரூக்ளின் டாட்ஜர்ஸை எட்டிப்பிடித்தது. நேரான நாணயத்தில் இது மூன்றே முக்கால் லட்சத்தில் ஒன்று. இந்த அளவுக்கு அரிதான ஒன்று நடந்தால் நாணயத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஜயண்ட்ஸ் தன் சொந்த மைதானத்தில் தொலைநோக்கி வைத்து எதிரணி அடுத்த பந்தைப் பற்றிக் காட்டும் சைகைகளைப் படித்தது, அரை நூற்றாண்டு கழித்து 2001-இல் விரிவாக வெளிவந்தது.

ரசிகருக்கு வருகிறேன். மூளையின் டோபமைன் செல்களை ஆராய்ந்த உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்கூட்டியே சொல்லும் என்று குரங்குகள் பழகியதும், சாறு கிடைத்தபோது சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. செல்கள் கணக்கு வைத்தது சாற்றுக்கு அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளிக்கு. 0.2 சதவீதத்தில் கிடந்த ரசிகருக்கு ஒவ்வொரு வெற்றியும் விளக்கு எரியாமல் வந்த சாறு.

அது மூளையோடு நிற்பதில்லை. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். ஜெயித்த பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, தோற்ற இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. பந்தை உதைத்தது யாரோ, உடம்பு மாறியது இவர்களுக்கு. 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் இதய அவசரச் சிகிச்சைகள் 2.66 மடங்காயின. ‘வெறும் விளையாட்டுதானே’ என்று ரசிகரிடம் சொல்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட் கொமெரிக்கா பார்க்கில் சிகாகோ ஒயிட் சாக்ஸை 4–1 என்று வென்று டைகர்ஸ் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. சீசன் முடிவில் 86 வெற்றி, 76 தோல்வி. முதல் சுற்றில் ஹூஸ்டனை வீழ்த்தி, அடுத்ததில் கிளீவ்லண்டிடம் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றது. ஊர் அதைக் கொண்டாட்டமான ஆண்டாகவே எடுத்துக்கொண்டது.

இனி 2025. யாரும் திட்டமிடாமல், அதே ஊரில் அதே ரசிகர்கள்மீது ஒரு சோதனை நடந்தது. ஜூலை தொடக்கத்தில் டைகர்ஸ் தன் பிரிவில் கிளீவ்லண்ட் கார்டியன்ஸைவிட 15½ ஆட்டங்கள் முன்னால் இருந்தது. செப்டம்பர் இறுதிக்குள் அத்தனையும் கரைந்தது. கார்டியன்ஸ் பிரிவை வென்றது. மேஜர் லீக் வரலாற்றில் அதற்கு முன் இவ்வளவு பெரிய இடைவெளியை எந்த அணியும் கடந்ததில்லை. டைகர்ஸின் இறுதிக் கணக்கு 87 வெற்றி, 75 தோல்வி. முந்தைய ஆண்டைவிட ஒரு வெற்றி கூடுதல்! பிளே-ஆஃபிலும் இடம் கிடைத்தது. ஆனாலும் டெட்ராய்ட் அந்தச் செப்டம்பரை இழவு வீடுபோலக் கழித்தது. மூன்று மாதமாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சாறுதான் வரவில்லை.

பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் ஈர்க்கிறது. எதிர்பார்ப்பு தரைதட்டிய அந்த நிலையில் டைகர்ஸ் கிளீவ்லண்டுக்கே போய், முதல் சுற்றில் அதே கார்டியன்ஸை 2–1 என்று வெளியேற்றியது. சில நாட்களுக்கு முன் டிவியை அணைத்துவிட்டுப் போன ரசிகர்கள் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த சுற்று சியாட்டிலோடு. ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்கூபல் 13 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் 2–2 என்று பதினைந்து வரை இழுத்தது, சியாட்டில் ஜெயித்தது.