புலி உறுமுது... பர்ஸ் பதறுது!

பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். அப்புறம் சுழி, திமில், நடை. வால் கடைசியில்தான். அவர் வீட்டுப் பிள்ளை கார் பார்க்கப் போனால் எல்லாம் தலைகீழ். நேரே பின்பக்கம் போய்க் குனிகிறார். வால், அதாவது சைலன்ஸர், எப்படி உறுமுகிறது என்பதுதான் முதல் கேள்வி!

தேங்காயிலும் தென்னைநாரிலும் நூல் மில்லிலும் நாலு காசு பார்த்த கொங்குச் சீமையில் பி.எம்.டபிள்யூ., பென்ஸ், ஆடி எல்லாம் இன்றைக்கு அதிசயமில்லை. தோப்புக்கு நடுவே, இளநீர் லாரிக்குப் பக்கத்தில், பவ்யமாக நிற்கும். அப்பா கையில் இருக்கும் வரை அது பரமசாது. சாவி பையன் கைக்கு வந்த மூன்றாம் மாசம் ஆரம்பிக்கிறது...

"ஏனுங்ணா, சவுண்டு பத்தலீங்களே! சைலன்ஸரை மாத்திப் போட்டு, கம்ப்யூட்டர்ல கொஞ்சம் ட்யூன் பண்ணீட்டா அம்பது குதிரை கூடுமாமா?"

கூடும். பொய்யில்லை. எப்படிக் கூடுகிறது, கூடின குதிரைக்குக் கொள்ளு வைப்பது யார் என்பதுதான் விஷயம். 'நம்மகிட்ட இருக்கிறது தவணையில வாங்கின ஸ்கூட்டர்தானே ஸார்' என்கிற ஆபீஸ் நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். பத்து லட்சத்துக்குள் விற்கிற கார்களிலேயே டர்போ வந்துவிட்டது. நாளைக்கு உங்கள் வாசலுக்கும் வரும்!

புகைக்குள் ஒரு காற்றாலை

உடுமலைப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று சும்மா போகாமல் இறக்கையைச் சுற்றிவிட்டுப் போகிறது. டர்போவும் அதே கதைதான். என்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்து வெளியே வருகிற புகை வீணாகத்தானே போகிறது? அது போகிற வழியில் ஒரு குட்டிக் காற்றாலை. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அள்ளி, அமுக்கி, என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம். சக்தி கூடும். தீர்ந்தது விஷயம்.

சொல்லத்தான் சுலபம். உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். பெட்ரோல் காரில் அதன் மேல் மோதுகிற புகையின் சூடு 900 டிகிரி செல்ஷியஸைத் தொடும். நம் சித்திரை வெயிலெல்லாம் அதற்கு ஏ.ஸி. ரூம்!

யோசனை பழசு. ஆல்ஃப்ரெட் ப்யூகி என்கிற ஸ்விட்சர்லாந்து என்ஜினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கப்பல், விமானம் என்றெல்லாம் சுற்றிவிட்டு, 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல், ஷெவர்லே கார்களில் ஏறியது. 1973-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி '2002 டர்போ' என்று ஒன்றை இறக்கியது. அதன் முகத்தில் 'டர்போ' என்கிற எழுத்தைத் திருப்பி எழுதியிருந்தார்கள். முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியுமாம். 'தள்ளு, வழியை விடு' என்று அர்த்தம்! அந்தச் சமயம் பார்த்து எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆயிரத்து எழுநூறு கார் கூட முழுசாகச் செய்யாமல் மூட்டை கட்டினார்கள்.

வாலை மாற்றினால் வேகம் வருமா?

டர்போவிலிருந்து புகை வெளியே வரும் பாதையைக் கொஞ்சம் பாருங்கள். முதலில் 'டவுன்பைப்' என்கிற குழாய். அதையொட்டிப் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர். அப்புறம் நீளக் குழாய். கடைசியில் சத்தத்தை விழுங்குகிற சைலன்ஸர்.

நம்மாட்கள் முதலில் கை வைப்பது கடைசி ஐட்டத்தில். அதை மாற்றினால் சத்தம் அமர்க்களமாக மாறும். ஆனால் சக்தி? ஏதோ கொசுறு மாதிரி நாலைந்து குதிரை வந்தால் உண்டு. ஏனென்றால் அடைப்பு அங்கே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மதகைப் பார்க்க வேண்டும். கடைமடையில் போய் மண்வெட்டி பிடித்து என்ன பிரயோஜனம்?

மதகு இருப்பது டவுன்பைப்பில். டர்போ சக்கரத்துக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும், பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் அது சட்டென்று சுற்ற ஆரம்பிக்கும். அதனால் அங்கே அகலமான குழாயைப் போட்டால் நிஜமாகவே பலன் தெரியும். ஆனால் கன்வர்ட்டர் குறுக்கே நிற்கிறதே! பல பட்டறைகளில் அதற்கு ஒரே வைத்தியம்: 'தூக்கிப் போட்டுட்டா போச்சு.'

எதைத் தூக்கிப் போடுகிறோம் தெரியுமா? உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று நகைக்கடையில் வைக்க வேண்டிய சரக்கெல்லாம் பூசியிருக்கும். கார்பன் மோனாக்ஸைடு என்கிற விஷவாயுவைப் பிடித்துச் சாதுவாக்கி அனுப்புகிற வேலை அதனுடையது. அதைக் கழற்றிவிட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். உடனே, விளக்கே எரியாதபடி கம்ப்யூட்டரில் அடைத்துவிடுகிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து, தெர்மாமீட்டரை உடைப்பது! அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது காரில் இருப்பவர் அல்ல, பின்னால் மொபெட்டில் பால் கேனோடு வருகிற மனுஷர்.

மூளைக்குள் கை

அடுத்தது கம்ப்யூட்டர் ட்யூனிங். எந்த வேகத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்பதையெல்லாம் முடிவு செய்ய ஒவ்வொரு காரிலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் இருக்கும் அட்டவணைகளைத் திருத்தி எழுதுவதுதான் 'ரீமேப்'. மென்பொருளை மட்டும் மாற்றினால் ஸ்டேஜ் ஒன்று. டவுன்பைப்பும் சேர்ந்தால் ஸ்டேஜ் இரண்டு. டர்போவையே பெரிசாக மாற்றினால் ஸ்டேஜ் மூன்று. (நாலாவது ஸ்டேஜ், தோப்பை அடமானம் வைப்பது!)

டர்போ இல்லாத காரில் இதனால் பெரிய லாபமில்லை. டர்போ காரில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே சக்தி 20, 30 சதவிகிதம் எகிறும். 'அப்படியானால் கம்பெனிக்காரன் ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை?' நல்ல கேள்வி. பி.எம்.டபிள்யூ.வின் 2 லிட்டர் டர்போ என்ஜின், 320ஐ என்கிற மாடலில் 184 குதிரைசக்தி. அதே குடும்பத்து என்ஜின் 330ஐ மாடலில் 258. வித்தியாசம் வெறும் மென்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பிஸ்டன் காற்றை அமுக்குகிற விகிதமே இரண்டிலும் வேறு. குதிரை கூடினால் எலும்பும் மாற வேண்டும் என்று கம்பெனிக்குத் தெரியும்.

மிச்சம் வைத்திருக்கிற சக்திக்கும் காரணம் உண்டு. அதே கார் ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும், லடாக் குளிரிலும் ஓட வேண்டும், சுமாரான பெட்ரோலையும் ஜீரணிக்க வேண்டும். அந்த மிச்சம்தான் என்ஜினின் சேமிப்புக் கணக்கு. ட்யூனிங் என்பது அதிலிருந்து பணம் எடுப்பது. கொஞ்சம் எடுத்தால் தாங்கும். துடைத்து எடுத்தால்?

'நாக்கிங்' வரும். பொறியின் தீ வந்து சேருவதற்கு முந்தியே அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாக வெடிப்பது. தாலி எடுக்கிறதுக்கு முந்தியே கெட்டிமேளம் கொட்டின மாதிரி! ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் கம்ப்யூட்டரே சமாளித்துக் கொள்ளும். தொடர்ந்து கொட்டினால் பிஸ்டன் உடையும். கூடவே கியர்பாக்ஸும் தன் பங்குக்குப் படுக்கும்.

இன்னொரு மோகம், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் 'பட் பட் படார்' என்று வெடிக்க வைப்பது. என்ஜினில் எரிய வேண்டிய பெட்ரோலை வேண்டுமென்றே குழாயில் எரிய விடுகிறார்கள். அந்தத் தீயில் வேகிறது டர்போ சக்கரமும் கன்வர்ட்டரும்தான். சிவகாசிக்குப் போனால் இதைவிடச் சல்லிசாக வெடிக்கலாம்.

'மறுபடி பழைய மென்பொருளை ஏற்றிக் கொண்டுபோனால் ஷோரூமில் தெரியவா போகிறது?' தெரியும். ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களில் கம்பெனிக் கம்ப்யூட்டர் இந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடித்தால் அந்தக் காரின் பேரில் 'டி.டி.1' என்று ஒரு குறி விழும். அப்புறம் என்ஜினுக்கு வாரண்டி கேட்டுப் போனால் காபி கூடக் கொடுக்க மாட்டார்கள். மென்பொருளில் விளையாடினால் என்ன ஆகும் என்பது அந்தக் கம்பெனிக்குத்தான் தெரியுமே! டெஸ்ட்டில் மட்டும் நல்ல பிள்ளையாகப் புகை விடும்படி டீசல் கார்களில் ஏமாற்று மென்பொருள் வைத்ததற்காக 2015-ல் உலகம் பூராவும் மாட்டிக் கொண்டு, சுமார் 1.1 கோடி கார்களுக்குப் பதில் சொன்ன கம்பெனி அது.

கறுப்புக் கோட்டு என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்தில் 182ஏ என்று புதுப் பிரிவு. இப்படி மாற்றுகிற உரிமையாளருக்கு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. சத்தம், புகை விதிகளை மீறினால் 190-ம் பிரிவு தனியாகக் காத்திருக்கிறது. 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாசத்துக்கு லைசென்ஸும் போகும். புதுக் கார் விற்பனைக்கு வரும்போது அதன் சத்தம் 74 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. டெசிபல் கணக்கு விசித்திரமானது. பத்து கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும்.

அபராதத்தைக் கூடக் கட்டிவிடலாம். இன்ஷூரன்ஸ்தான் வயிற்றைக் கலக்குகிற சமாசாரம். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், அதைக் காரணம் காட்டிக் கம்பெனி கையை விரிக்கலாம். அறுபது லட்ச ரூபாய் கார் அப்பளம் ஆகி நிற்கும்போது, மிச்சத் தவணை எல்லாம் நம் தலையில். கூடவே யாருக்காவது காயம் என்றால், அதற்குத் தவணை முறையும் கிடையாது.

ஜி.டி. நாயுடு பூமியிலா இப்படி?

'அப்ப வண்டியில கையே வெக்கக் கூடாதுங்களா?' என்று கோபப்பட வேண்டாம். கை வைப்பதற்கு இந்தியாவிலேயே கொங்கு நாட்டை விட உரிமை உள்ள சீமை ஏது? ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டியவர் ஜி.டி. நாயுடு. 1920-ல் அவர் பஸ் தொழிலைத் தொடங்கியது எந்த ரூட்டில் தெரியுமா? நம்ம பொள்ளாச்சி - பழநி! டிரைவரும் அவரே. கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரைத் தாங்கும் கார் மியூஸியத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள்.

அப்புறம் கரிவரதன். கோவை மில் குடும்பத்துப் பிள்ளை. 1980-களின் கடைசியில், மாருதி 800-ன் என்ஜினை வைத்து ஒற்றை ஸீட் ரேஸ் கார் கட்டினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். என்ஜின் சக்தி நாற்பது குதிரை சுமார்! எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். ஜெயிப்பது ஓட்டுகிறவன் கையிலும் காலிலும். அந்தக் காரில் பந்தயம் பழகியவர்களில் ஒருவர்தான் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005-ல் மெல்பேர்னில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் அதைப் பார்க்க இல்லை.

நாற்பது குதிரையில் கற்றுக் கொண்டவர் உலக மேடைக்குப் போனார். 258 குதிரையும் போதவில்லை என்று நமக்கு மட்டும் ஏன் தோன்றுகிறது?

ஆசை அடங்கவே இல்லையா? கரிவரதன் பெயரிலேயே செட்டிபாளையத்தில் 2003 முதல் ரேஸ் ட்ராக் இருக்கிறது. 2.1 கிலோமீட்டர். எதிரே லாரி வராது, குறுக்கே ஆடு வராது. ஹெல்மெட் மாட்டி, சொல்லிக் கொடுக்கிறவர் பக்கத்தில் இருக்க, கம்பெனி கொடுத்த காரையே முழுசாக ஓட்டிப் பாருங்கள். நாலு சுற்றில் கை வியர்த்துவிடும். டயர், பிரேக் பேடு, பிரேக் ஆயில் மூன்றையும் முதலில் நல்லதாகப் போட்டுக் கொள்ளுங்கள். நிற்கத் தெரிந்த பிறகு பறப்பதைப் பற்றிப் பேசலாம். ட்ராக்குக்கென்றே ஒரு வண்டி வைத்துக் கட்டுகிற வசதி இருந்தால், ட்யூன் செய்வதற்கு முன்னும் பின்னும் உருளை மேல் ஓட்டிச் சக்தியை அளந்து சீட்டு கொடுக்கிற இடத்துக்குப் போங்கள். 'காதுல கேட்டாலே தெரியலீங்களா?' என்கிற மெக்கானிக்கிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் அதிர்ஷ்டமிருந்தால் வரையாடு நிற்கும். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். உங்கள் கார் அங்கே எதற்கு உறுமணும்? அந்தக் காட்டில் நிஜப் புலியே சத்தம் போடாமல்தான் நடக்கிறது!