ஆண்டுக் கணக்கும் கைப்பேசிப் பட்டியலும்

மார்ச் 31 நெருங்கும்போதெல்லாம் நம் சங்கங்களில் ஒரு கலக்கம் பிறக்கிறது. "ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டும்" என்னும் ஒரே வாக்கியம் மலைபோல் எதிரே நிற்கிறது. எங்கே தொடங்குவதென்று புலப்படாமல் நாட்கள் கழிகின்றன. கணக்கு தாமதித்தால் தணிக்கை தாமதிக்கும். பங்கு ஈவும் தள்ளிப்போகும். இழப்பு அங்கத்தினருக்கே.

சேலையை எவரும் ஒரே மூச்சில் நெய்வதில்லை. சாயமிட்டு, பாவு ஓட்டி, கஞ்சியிட்டு, அச்சில் பிணைத்து, தார் சுற்றிய பிறகே நாடா ஓடுகிறது. கணக்கு வேலையையும் இவ்வாறே பகுத்துக்கொள்ளலாம்.

இதற்குக் கைப்பேசி நல்ல துணை. கூகுள் டாஸ்க்ஸ் என்னும் இலவசச் செயலியில் தமிழிலேயே எழுதலாம். பெருங்காரியத்தைத் தலைப்பாக இட்டு, அதன்கீழ் நூல் இருப்பை எண்ணுதல், துணி இருப்பை எண்ணுதல், வங்கிக் கணக்கை ஒத்துப்பார்த்தல், கூலிப் பாக்கியைத் தொகுத்தல் எனச் சிறு பணிகளைத் தனித்தனியே குறித்து, ஒவ்வொன்றுக்கும் தேதியிடலாம். பயிர்க்கடன் கோரும் விவசாயியும் சிட்டா பெறுதல், அடங்கல் பெறுதல் எனப் பிரித்தெழுதலாம். குறித்த நாளில் கைப்பேசியே நினைவூட்டும்.

முடியாத வேலை மனத்தை அலைக்கழிக்கும். திட்டவட்டமாகத் திட்டம் வகுத்தாலே அவ்வலைச்சல் தணியும் என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 2011இல் ஆய்ந்து வெளியிட்டனர்.

ஆயினும் பட்டியல் வேலை செய்யாது, நாம்தான் செய்யவேண்டும். ஆகவே ஒரே அமர்வில் முடியக்கூடிய அளவுக்கு ஒவ்வொரு பணியையும் சிறிதாக்குவோம். இன்று நூல் இருப்பை மட்டும் எண்ணி முடிப்போம்.