பனி போன வழி – 7: ஒரே இரவில் வற்றிய ஏரி

வடக்கு ஸ்வீடனில் இண்டால் ஆற்றின் போக்கில் ராகுண்டா என்றொரு ஏரி இருந்தது. நீளம் 25 கிலோமீட்டர். ஏரி முடியும் இடத்தில் சுமார் 35 மீட்டர் இறங்கும் அருவி. காட்டில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோவதுதான் அந்தப் பக்கத்து வியாபாரம். அருவியில் விழுந்த மரம் பாதி சிதறித்தான் கீழே வரும். மாக்னுஸ் ஹுஸ் என்ற வணிகர் இதற்கு ஒரு வழி சொன்னார்: அருவிக்குப் பக்கத்தில் கால்வாய் வெட்டிவிடுவோம்.

ஊரார் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'முரட்டு ஹுஸ்'. வேலை மும்முரமாக நடந்தது. வெட்டிய இடம் மட்டும் பாறையாக இல்லை. மணலும் சரளையும் குவிந்த மேடு அது. 1796 ஜூன் 6 இரவு, பனி உருகிய வெள்ளத்தோடு ஏரி அந்தக் கால்வாயில் புகுந்தது. கரை அரித்து, மேடே கரைந்து, சுமார் நான்கு மணி நேரத்தில் ஏரி முழுவதும் காலி. உயிர்ச்சேதம் இல்லை என்பதுதான் ஆச்சரியம். அருவி அன்றோடு நின்றது. இன்றும் அதற்குப் பெயர் 'செத்த அருவி'. அடித்துப் போன மண் ஆற்றின் கழிமுகத்தில் போய்ப் படிந்தது. சுண்ட்ஸ்வால் நகரத்து விமான நிலையம் இப்போது இருப்பது அந்தக் கழிமுகத்தில்தான். ஹுஸ் மறு வருடமே அதே ஆற்றில் மூழ்கி இறந்துபோனார்.

நூறு வருடங்களுக்கு மேல் கழித்து, அந்த வற்றிய ஏரிப்படுகையைத் தேடி ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். பெயர் ஜெரார்ட் டி யேர். ஸ்வீடனின் முதல் பிரதமருடைய மகன். அவருக்கு அரசியலைவிடக் களிமண் பிடித்திருந்தது.

ஏன் களிமண்? அதற்கு 1878-க்குப் போக வேண்டும். டி யேருக்கு அப்போது இருபது வயது. ஸ்டாக்ஹோம் பக்கம் வெட்டியிருந்த களிமண்ணில் வரிவரியாக ஓடும் பட்டைகளைப் பார்த்தார். வெளிர் நிறத்தில் ஒன்று, கருத்து ஒன்று, மறுபடி வெளிர், மறுபடி கருப்பு. மரத்தை அறுத்தால் தெரியும் ஆண்டு வளையம் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. பட்டையை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அதை எண்ணிப் பார்க்கலாம் என்று இறங்கியவர் இவர்.

பட்டை விழும் விதம் எளிது. பனியுகத்தில் நிலத்தை மூடியிருந்த பனிப்பாளத்தின் விளிம்பு நீரில் நின்றுகொண்டிருக்கிறது. கோடையில் பனி உருகி, கலங்கல் தண்ணீர் குருமணலையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். அது வெளிர் பட்டை. குளிர்காலத்தில் மேலே நீர் உறைந்துவிடும், வரத்தும் நின்றுவிடும். கோடை முழுக்கத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த மாவு போன்ற களி அப்போதுதான் மெல்ல அடியில் இறங்கும்; அது கருப்புப் பட்டை. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். ஸ்வீடிஷ் மொழியில் 'வார்வ்' என்றால் ஒரு சுற்று. அந்தச் சொல்லே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

வெயில் அதிகமான வருடத்தில் உருகல் அதிகம், வார்வும் தடிமன். குளிர்ந்த வருடத்தில் மெல்லிசு. ஆகவே இரண்டு தடி, ஒரு மெல்லிசு, மூன்று நடுத்தரம் என்று ஒரு குழியில் வரும் வரிசை, பக்கத்து ஊர்க் குழியிலும் அப்படியே வரும். டி யேரின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

ஒரு குழியின் அடிமட்ட வார்வ் என்பது, அந்த இடத்தை விட்டுப் பனி விலகிய முதல் வருடம். பனி தலைமேல் இருக்கும்வரை அங்கே வண்டல் எப்படிப் படியும்? இப்போது ஒரு கிலோமீட்டர் வடக்கே இன்னொரு குழி. வரிசையைப் பொருத்திப் பார்த்தால், தெற்குக் குழியின் அடியில் இருக்கும் நான்கு வார்வுகள் வடக்குக் குழியில் இல்லை. அப்படியானால் அந்த நான்கு வருடமும் வடக்குக் குழியின் மேல் பனி உட்கார்ந்திருந்தது. நான்கு வருடத்தில் ஒரு கிலோமீட்டர். வருடத்துக்கு 250 மீட்டர். ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் வந்த கணக்கும் ஏறத்தாழ இதுவே. (பின்வாங்கியது என்றதும் பனி வடக்கு நோக்கி நகர்ந்ததாக நினைக்க வேண்டாம். உள்ளிருந்து பனி விளிம்பை நோக்கி வந்துகொண்டுதான் இருந்தது. வருவதைவிட உருகுவது அதிகம், அவ்வளவே.)

1905 கோடையில் டி யேர் பெரிதாகவே இறங்கினார். ஸ்டாக்ஹோம், உப்சாலா இரு பல்கலைக்கழகங்களின் மாணவர்களையும் கூட்டிப் பழக்கி, ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொடுத்தார். தெற்கிலிருந்து வடக்காகச் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு அளவெடுப்பு. கருவி என்று பார்த்தால் மண்வெட்டி, கத்தி, பென்சில், நீளக் காகிதச் சுருள். வெட்டுமுகத்தைக் கத்தியால் மழித்ததுபோல் சீவுவார்கள். கொஞ்சம் உலர விடுவார்கள். குருமணல் பட்டை முதலில் காய்ந்து வெளுக்கும், களி ஈரத்தோடு கருத்தே நிற்கும், கோடு துல்லியமாகத் தெரியும். அப்புறம் காகித நாடாவை மேலிருந்து கீழாக ஒட்டிப்பிடித்து, ஒவ்வொரு வார்வின் எல்லையிலும் பென்சில் கோடு. நம் ஊரில் கண்மாய் தூர்வாரும்போது வெட்டிய சுவரில் வண்டல் வரி தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அலுப்பும் சுவாரஸ்யமும் புரியும்.

பனி எத்தனை வருடத்தில் எவ்வளவு தூரம் போனது என்பது இப்படித் தெரிந்துவிட்டது. ஆனால் எப்போது? இன்றிலிருந்து எத்தனை வருடத்துக்கு முன்? அதற்குப் பனி போனபின் இன்றுவரை விடாமல் வண்டல் படிந்த ஓர் இடம் வேண்டும். ஏரி என்றால் சரி, ஆனால் அடியில் தண்ணீருக்குள் இருக்கும் வண்டலை எண்ணுவது எப்படி? தண்ணீரை ஹுஸ் ஏற்கெனவே வெளியேற்றிவிட்டிருந்தார். முடிவு நாளும் கச்சிதமாகத் தெரியும். டி யேர் ராகுண்டாவில் எண்ணினார். மேல் அடுக்குகள் தெளிவாக இல்லாத இடங்களில் மதிப்பிட்டும் கொண்டார். 1910-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நிலவியல் மாநாட்டில் அவர் வைத்த கட்டுரை, கடைசி 12,000 வருடங்களின் கால அட்டவணை. கார்பன் கணிப்பு பிறக்க இன்னும் நாற்பது வருடம் இருந்த காலம் அது.

மதிப்பீடு என்பது இடறத்தான் செய்யும். அவருடைய மாணவர் ராக்னார் லிடேன் இன்னும் நல்ல இடம் கண்டார்: ஓங்கர்மான் ஆற்றங்கரை. பனியின் பாரம் நீங்கியதால் அங்கே நிலம் இன்றும் வருடத்துக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் மேலெழுகிறது. பழைய கழிமுகம் மேலே வந்து ஆற்றங்கரைச் சுவராக நிற்கிறது. ஏணி வைத்து எண்ணலாம். ஆனால் கடைசிப் பகுதி நீருக்கடியிலேயே இருந்தது. 1980-களில் இங்கேமார் காட்டோ அங்கே துளையிட்டு மண்ணெடுத்து எண்ணி, கணக்கை நிகழ்காலத்தோடு இணைத்தபோது, 365 வருடங்கள் குறைவாக இருந்தது தெரிந்தது. அப்புறமும் சில நூறு வருடங்கள் வேறிடத்தில் விடுபட்டிருப்பதாகப் பேச்சு ஓயவில்லை.

டி யேர் சறுக்கியது வேறோர் இடத்தில். 1920-இல் மனைவி எப்பா, லிடேன், எர்ன்ஸ்ட் அன்டெவ்ஸ் ஆகியோரோடு அமெரிக்கா போனார். கனெடிகட் பள்ளத்தாக்கின் வார்வுகளை அளந்து, அவற்றை ஸ்வீடன் வரிசையோடு நேரடியாகப் பொருத்தினார். அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரே கோடை, ஒரே தடிமன் என்ற நம்பிக்கை. அது பலிக்கவில்லை. ஒரு பள்ளத்தாக்கின் வெயில் இன்னொரு கண்டத்துக்கு எப்படிப் பொருந்தும்? அடுத்தடுத்த குழிகளை நடந்துபோய்ப் பொருத்தியவரை அவர் கணக்கு அசைக்க முடியாததாக இருந்தது. தாண்டிக் குதித்தபோதுதான் விழுந்தது.

அமெரிக்காவிலேயே தங்கிவிட்ட அன்டெவ்ஸ் ஆசிரியரின் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. குழி குழியாக அளந்து, ஹார்ட்ஃபோர்டிலிருந்து வெர்மான்ட்டின் செயின்ட் ஜான்ஸ்பரி வரை பனி பின்வாங்க சுமார் 4,100 வருடம் ஆனது என்றார். இடையில் ஒரு வெட்டு, அவரால் இணைக்க முடியாமல் நின்றது. ஜாக் ரிட்ஜ் தலைமையிலான குழு அதைச் சரிசெய்து, 2012-இல் 5,659 வருடங்கள் கொண்ட தொடர் வரிசையை வெளியிட்டது. அன்டெவ்ஸ் எண்ணியவற்றில் பெரும்பகுதி அதில் அப்படியே நிற்கிறது.

இத்தனையும் தண்ணீர் தேங்கிய பள்ளங்களின் கதை. வண்டலே படியாத மலைமுகட்டில் பனி எப்போது விலகியது என்று யாரைக் கேட்பது? வானத்திலிருந்து விழும் கதிர்கள் பாறைக்குள் உண்டாக்கும் பெரிலியத்தை வைத்து அதைக் கணக்கிடும் விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)