குழந்தைகளின் மேனிக்குப் பூசும் எண்ணெயும் மஞ்சளும்

குடியானவர் விளைவிக்கும் பொருள்களிற் சில, சந்தையை அடையுமுன்னரே வீட்டுத் தொட்டிலை அடைகின்றன. தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள் ஆகியவை இவ்வகையின. பச்சிளங் குழந்தையின் தோல் மிக மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு, பெரியவருக்குள்ளதைப்போலச் சுமார் இரண்டரை மடங்காகும். ஆகையால் மேலே பூசியதில் உள்ளே சேரும் பங்கும் பெரியவரைவிட மிகும். போதாக்குறைக்குக் குழந்தை தன் கையை ஓயாமல் வாயில் வைத்துக்கொள்ளும்.

காறலில்லாத சுத்தமான தேங்காயெண்ணெயைப்பற்றி அச்சம் வேண்டுவதில்லை. 2014-ஆம் ஆண்டில் வெளியான பிலிப்பைன்ஸ் தேசத்துச் சோதனையொன்றில், கரப்பான் கண்ட குழந்தைகளுக்கு அது கனிம எண்ணெயைவிட மிகுந்த குணமளித்தது. ஆனால் மூக்கில் எண்ணெய் விடுதல் ஆகாது. அது நுரையீரலிற் புகுந்து நோய் விளைவிக்கும். சளிக்கென்று அவ்வெண்ணெயிற் கற்பூரத்தைக் காய்ச்சி மார்பில் தேய்ப்பதும் தவறு. கற்பூரம் தோல் வழியாகவும் உட்புகும், வலிப்பைக் கொணரும். விழுங்கிய ஒரு கிராமே சிறு குழந்தையின் உயிரைப் போக்கியதுண்டு.

வேப்பெண்ணெய் பயிருக்கு நன்மருந்து. லிட்டர் நீருக்கு 30 மில்லி வீதம் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கிறோம். அதே புட்டியிலிருந்து சிசுவின் வாயிற் சில துளி விடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இது அபாயகரமானது. மலேசியாவில் இவ்வாறு புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு கண்டதை அந்நாட்டு மருத்துவர் 1981-இல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினர். அவ்வெண்ணெயை மருந்தடிக்கும் சாமான்களுடன், குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி வைத்தல் நன்று.

மஞ்சளில் குற்றம் கிழங்கினதன்று, மெருகினது. வேகவைத்து உலர்த்திய விரலிமஞ்சளை உருளையிலிட்டு மெருகேற்றுங்கால், பளபளப்பை நாடி லெட் குரோமேட் என்னும் மஞ்சட் சாயத்தைச் சேர்ப்போர் உளர். இதில் ஈயம் உள்ளது. இந்திய உணவுச் சட்டம் இதனைத் தடுக்கிறது. வங்காளதேசத்து மக்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்ததற்கு இவ்வாறு சாயமூட்டிய மஞ்சளும் காரணமென 2019-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. வாய்க்குள் சென்ற ஈயம் சிறுவரின் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை. வியாபாரி நிறத்திற்கு விலை கூட்டித் தருகிறாரென்பது உண்மையே. அந்நிறத்தை மஞ்சட்பொடியைக் கொண்டே ஏற்றலாம், சாயம் தேவையில்லை. மெருகேற்றும் களங்களைக் கிராம அதிகாரிகள் அறுவடைக்குப்பின் ஒருமுறை பார்வையிடுவது நலம். வீட்டுக் குழந்தைகளுக்கென மெருகேற்றாத கிழங்கில் இரண்டொரு கிலோ தனியே எடுத்துவைத்து, வீட்டிலேயே இடித்துச் சலித்துக்கொள்ளலாம்.