மாடியிலிருந்து ஒரு மலை

'இயற்கைக் காட்சி வரைந்து வா' என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால் நம் குழந்தைகள் என்ன வரைவார்கள், சொல்லுங்கள்? இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரமாய் ஒரு குடிசை, ஒரு தென்னை. மேலே நாலு கோடு இழுத்தால் பறவை! நானும் அந்த வயதில் அதைத்தான் வரைந்தேன். என் மகளும் போன வருஷம் வரை அதையேதான் வரைந்தாள். இத்தனைக்கும் நாங்கள் இருப்பது மதுரை கே. புதூரில். மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனால் கிழக்கே யானைமலை படுத்துக் கிடப்பது தெரியும். அதில் முக்கோணமே கிடையாது.

பக்கத்து மனையில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். மூன்று மாடியாம். "அப்ப நம்ம யானை போச்சாம்மா?" என்றாள் மகள். மலை எங்கேயும் போகாதுதான். 2010-ல் அதைச் சிற்ப நகரமாக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது சுற்று வட்டார ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள், மலை தப்பித்தது. இப்போது மறையப் போவது எங்கள் மாடிக் காட்சி மட்டும்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கயேன்" என்றார் இவர். எடுத்தேன். தண்ணீர்த் தொட்டி பெரிசாய் விழுந்தது. மலை நகத்தளவுக்கு எங்கோ ஒரு மூலையில். சரி, வரைந்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்போடு படம் வரைவதை விட்டவள் நான். அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தப்பு எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டேன். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

எச்.பி., 2பி, 4பி என்று மூன்று பென்சில், ஒரு ரப்பர், ஒரு டிராயிங் நோட்டு. இது போதும். கலர்ப் பெட்டிக்கு இப்போது அவசரமில்லை.

மாடியில் நின்றால் வானம், மரம், கம்பம், ஒயர் என்று எல்லாம் கண்ணில் வந்து விழும். எதை எடுப்பது, எதை விடுவது? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் நடுவில் 3 அங்குலத்துக்கு 2 அங்குலம் ஜன்னல் மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பாருங்கள். அட்டையை அப்படி இப்படி நகர்த்தினால் ஓரிடத்தில் காட்சி பாந்தமாக வந்து உட்காரும். நோட்டில் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் கட்டம் போட்டு, ஜன்னலில் தெரிவதை மட்டும் அதில் வரைய வேண்டும். ஒயரை நான் விட்டுவிட்டேன். அந்த உரிமை நமக்கு உண்டு!

முதல் கோடு, மலை தரையோடு சேரும் இடம். அதைக் கட்டத்தின் நட்டநடுவில் போட்டால் படம் இரண்டு துண்டாகிவிடும். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் போட்டேன். மலைக்கும் வானத்துக்கும் இடம் கிடைத்தது.

அடுத்ததில்தான் நான் ஏமாந்தேன். மலை என்றால் உயரம் என்று மனசில் பதிந்து போயிருக்கிறதல்லவா, கை தானாக உயர்த்திவிட்டது. அத்தை பார்த்துவிட்டு, "இட்டிலியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கேம்மா" என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் அது நிஜம். பிறகு பென்சிலால் அளந்தேன். கையை மடக்காமல் நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மலையின் உயரம் பென்சிலில் எவ்வளவு என்று கட்டைவிரலால் குறித்துக்கொள்ள வேண்டும். அதே அளவை அப்படியே படுக்கவைத்து மலையின் நீளத்தில் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். எனக்கு நாலுக்கும் மேல் வந்தது! நான் வரைந்திருந்ததோ இரண்டுகூட இல்லை.

நேரமும் முக்கியம். காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் மலை ஒரே இருட்டு உருவமாகத் தெரியும். தலை மேடு, கழுத்துச் சரிவு, முதுகு என்று ஓரக்கோடு போட அதுதான் சுலபம். சாயங்காலம் நாலரைக்கு மேல் மேற்கு வெயில் பாறைமேல் விழும். அப்போதுதான் மேடும் பள்ளமும் தெரியும். அதனால் காலையில் கோடு, மாலையில் நிழல் என்று வைத்துக்கொண்டேன். காலை டிபன் வேலைக்கும் அது தோதாக இருந்தது.

நிழல் போடுகையில் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து மூன்று பட்டைதான் தெரியும். தூரத்து மலை வெளிறி, நடுவில் மரக்கூட்டம் சற்று அழுத்தமாக, பக்கத்து வேம்பு நல்ல கருப்பாக. நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற காற்று, தூசி, ஈரம் எல்லாம் சேர்ந்துதான் மலையை வெளிற வைக்கிறது. லியோனார்டோ டா வின்சி 500 வருஷத்துக்கு முன்பே இதைக் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். மலைக்கு எச்.பி., மரத்துக்கு 2பி, வேம்புக்கு 4பி. இந்த மூன்றும் சரியாக விழுந்துவிட்டால் தட்டையான காகிதத்தில் தூரம் வந்துவிடும். மலையைச் சுற்றிக் கருப்பாய்க் கோடு இழுத்தீர்களோ, அது பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும்!

மரத்தில் இலை இலையாகப் போடாதீர்கள். மொத்தமாக ஒரு குவியல் போதும். தென்னை கொஞ்சம் சாய்ந்து நிற்கும், மட்டை வளைந்து தொங்கும். பனை நேராக நிற்கும், தலை விசிறி விசிறியாக இருக்கும். விரலால் தேய்த்து நிழல் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அடுக்களையிலிருந்து வந்த கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், படம் அழுக்காகிவிடும். பாறை சரியும் திசையிலேயே சின்னச் சின்னக் கோடுகளாகப் போடுங்கள். உள்ளங்கைக்கு அடியில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படத்தை அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "நரசிங்கப் பெருமாள் கோயில் இதுல எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டார்கள். மலையைக் குடைந்து 8-ம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது. முட்டி வலி வந்த பிறகு அத்தை அங்கே போகவில்லை. நான் மலையடிவாரத்தைக் காட்டினேன். அங்கே விரலை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். படத்தில் கொஞ்சம் கறைதான், அழிக்கவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுக்கு முதல் மாடிச் சென்ட்ரிங் அடித்துவிட்டார்கள். அடிவாரம் மறைந்து, யானையின் முதுகு மட்டும் தெரிகிறது. சாரக் கம்பும் முதுகுமாய் அதையும் வரையப் போவதாக மகள் சொல்லியிருக்கிறாள். நோட்டில் இன்னும் ஏழு பக்கம் மிச்சமிருக்கிறது.