99 வயதில் பனிச்சறுக்கு: கால் எப்படித் தாங்குகிறது?

2003இல் ஜப்பானின் கெய்சோ மியூரா, ஆல்ப்ஸின் மோன் பிளாங் மலைத்தொகுதியில் வாலே பிளான்ஷ் பனியாற்றுச் சரிவில் சறுக்கி இறங்கினார். அப்போது அவருக்கு வயது 99. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் வயதில் இது எப்படி?

விடை அந்த மாடிப்படியிலேயே இருக்கிறது. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இந்த வேலைக்கு ஆக்சிஜன் குறைவாகவே செலவாகும். வயது ஏறினாலும் இந்தத் திறன் மற்றதைப்போல வேகமாகத் தேய்வதில்லை. சறுக்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் தொடை பெரும்பாலும் செய்வது இந்த பிரேக் வேலைதான். மேலே ஏற்றிவிட லிஃப்ட், கீழே இழுக்கப் புவியீர்ப்பு!

சறுக்குப் பலகையும் மாறிவிட்டது. 1990களில் பரவிய, இடை ஒடுங்கிய பலகையைச் சற்றே சாய்த்தால் போதும். விளிம்பு பனியில் பதிந்து, வில்லாக வளைந்து, தானே திரும்பும். பழைய பலகையை மல்லுக்கட்டித்தான் திருப்ப வேண்டும்.

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 60 வயது தாண்டியவர்களை 12 வாரம் வழிகாட்டியோடு சறுக்க விட்டார்கள். கால் வலு கூடியிருந்தது.

ஆனால் பிற்பகலில் கவனம் வேண்டும். வெயிலில் பனி கஞ்சிபோலக் குழையும், தொடையும் களைத்திருக்கும். விவரமானவர்கள் அதற்குள் பூட்ஸின் கொக்கியைத் தளர்த்திவிட்டு, சூடான சூப்போடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.